காலுக்குச் சொல்லும் தமிழ்: மலைவழியும் அதன் சொற்களும்

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கை மேடு புக்கிட் தீமா. அதன் உயரம் 163.63 மீட்டர். டக்ஸ்டனில் நிற்கும் ஐம்பது மாடி வீவக அடுக்குமாடிகளோ 156 மீட்டர் உயரமானவை. மலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாத இத்தீவிலிருந்து ஆண்டுதோறும் பலர் மலையேறப் புறப்படுகின்றனர். புக்கிட் தீமா படிகளிலும் தத்தம் புளோக்கின் மாடிப்படிகளிலும் முதுகுப்பையுடன் ஏறி இறங்கிப் பயிற்சி செய்வோரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுள் கணிசமானோர் செல்லுமிடம் மலேசியாவின் சாபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலை.

அங்குச் சென்று திரும்பிய மாணவர் ஒருவரிடம் அப்பயணத்தைத் தமிழில் எழுதச் சொன்னால் வானளாவிய சிகரம், பஞ்சுப்பொதி போன்ற மேகம், இயற்கை அன்னையின் எழில் என்று எழுதுவார். நாம் கற்றுக்கொடுத்த சொற்கள் அவை. அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அவை யாவும் ஓரிடத்தில் நின்று மலையைப் பார்ப்பவரின் சொற்கள். அதில் ஏறிக்கொண்டிருப்பவருக்குக் காலை எங்கே வைப்பது, கையால் எதைப் பற்றுவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பனவற்றைச் சொல்லும் சொற்கள் வேண்டும். தமிழில் அவை உள்ளனவா, உள்ளன எனில் எங்கே உள்ளன என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் வழியைப் பார்ப்போம். கினபாலுவின் உச்சியாகிய லோ சிகரம் கடல்மட்டத்திலிருந்து 4,095 மீட்டர் உயரத்தில் உள்ளது. நடை தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் உள்ளது. அனுமதிச் சீட்டும், உள்ளூர் வழிகாட்டியும், மேலே இரவு தங்கப் படுக்கைப் பதிவும் இன்றி எவரையும் ஏறவிடுவதில்லை. முதல் நாள் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். தூரம் சிறிதுதான், ஆனால் அதற்குள் 1,400 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். மரவேர்களும் கற்களும் மரப்படிகளுமாய்ச் செல்லும் வழி முதலில் மழைக்காட்டுக்குள் செல்கிறது. பாசி படிந்த மரங்கள் படிப்படியாகக் குட்டையாகின்றன. பிற்பகலில் பெரும்பாலும் மழை வந்துவிடும். மாலைக்குள் 3,272 மீட்டர் உயரத்தில் உள்ள லாபான் ராத்தா என்னும் தங்குமனையை அடைந்து, உண்டு, இருட்டிய உடனே படுத்துவிட வேண்டும். பின்னிரவு இரண்டு மணி அளவில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும். அதன்பின் சிறிது தூரத்தில் மரங்கள் அற்றுப்போகின்றன. மேலே முழுவதும் கருங்கற்பாறைச் சரிவு. அதில் போட்டிருக்கும் வெண்கயிறு ஒன்றே வழிக்கு அடையாளம், கைக்குப் பிடியும் அதுதான். காற்று தடையின்றி வீசும். உச்சியில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்.

இத்தகைய இடத்தை ஆங்கில வழிநூல்கள் 'எக்ஸ்போஸ்ட்' என்று ஒரே சொல்லால் குறிக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்களை நெடுங்காலமாகத் தொல்லைப்படுத்தும் சொற்களுள் இதுவும் ஒன்று. அகராதியைப் புரட்டி 'வெளிப்பட்ட பாதை' என்று எழுதினால் ஒளிந்திருந்த பாதை வெளியே வந்ததுபோல் ஆகிவிடுகிறது. அச்சொல் உண்மையில் இரு வேறு நிலைகளைக் குறிக்கிறது. வெயில், மழை, காற்று ஆகியவற்றுக்கு மறைப்பில்லாத நிலை ஒன்று. தவறினால் நெடுந்தூரம் கீழே விழ நேரும் ஓரம் மற்றொன்று. ஆங்கிலம் இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கியது, தமிழ் அடக்கவில்லை. முன்னதற்கு நம்மிடம் வெட்டவெளி, மொட்டைப்பாறை என்னும் சொற்கள் உள்ளன. பின்னதை நாம் பள்ளத்தைக் கொண்டு சொல்கிறோம்: ஒருபுறம் செங்குத்துப் பாறை, ஒருபுறம் கிடுகிடு பள்ளம். காற்றுக்குப் பயப்படவேண்டிய இடத்தில் செய்யவேண்டியது வேறு, பள்ளத்துக்குப் பயப்படவேண்டிய இடத்தில் செய்யவேண்டியது வேறு. ஆதலால் பிரித்துச் சொல்வதே வழிச்செல்வோருக்குப் பயன்படும். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேட வேண்டும் என்று யார் விதித்தது?

மலைவழியைக் காலுக்கும் கைக்கும் சொல்லும் தமிழ் எழுத்து மிகப் பழையது. பத்துப்பாட்டின் பத்தாவது நூலாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் அதனைப் பாடினார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னன் சேய் நன்னன். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கமே அவ்வூர். அதற்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. மலையை ஒரு யானையாகவும், மலையில் எழும் பலவகை ஒலிகளை அதனிடத்துப் பிறக்கும் மதமாகவும் உருவகித்ததால் இப்பெயர் பெற்றது. வகுப்பறையில் பெரும்பாலும் இந்த உருவகத்தோடும், நன்னனின் கொடைச்சிறப்போடும் நிறுத்திக்கொள்கிறோம். நடுவில் உள்ள பகுதி ஒரு முழுமையான வழிநூல் என்பதை மாணவர் அறியாமலே தேர்வு முடிந்துவிடுகிறது.

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், இனிமேல் செல்லவிருக்கும் கூட்டத்தாருக்கு வழி சொல்கிறான். அக்கூட்டத்தில் விறலியரும் சிறுவரும் உள்ளனர். முழவு முதலிய இசைக்கருவிகளின் சுமையும் உண்டு. ஆகவே அவன் வெறும் திசையைச் சொல்லி நிறுத்துவதில்லை. வழியின் தொலைவு, இளைப்பாறும் இடம், கிடைக்கும் உணவு, எதிர்ப்படும் இடர் ஆகியவற்றையெல்லாம் கூறுகிறான். பன்றிகளைப் பிடிக்கக் குறுகிய வழிகளில் கற்பொறி வைத்திருப்பார்கள். பொழுது விடிந்தபின் செல்லுங்கள். பரல் நிறைந்த குழிகளில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். குறித்துப் பார்த்து நடங்கள். தினைப்புனம் காப்போர் பரண்மீதிருந்து யானையை விரட்டக் கவண்கல் வீசுவர். அக்கல் உயிரைக் குடிக்கும். மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள். ஆழ்ந்த நீர்நிலையின் கரையில் கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, சிறுவர்களோடு ஒருவர் பின் ஒருவராக, ஒருவரை ஒருவர் காத்தபடி செல்லுங்கள். பாசி படிந்து கால் நிலைகொள்ளாத இடத்தில் மூங்கிலின் மெல்லிய கோலையும் நாணற்கோலையும் பற்றிச் செல்லுங்கள். விழுந்த மரம்போல் கிடக்கும் மலைப்பாம்புக்கு ஒதுங்கிச் செல்லுங்கள். இருட்டினால் பாறைக்குகையில், உங்கள் வீட்டுக்குள் புகுந்ததைப்போல் தங்கி, விடியலில் எழுந்து புறப்படுங்கள்.

இவற்றினும் என் கருத்தில் மேலானவை இரண்டு குறிப்புகள். மலைவாழ் குறவரே திகைக்கும் இடத்தில் வழி தவறினால் என்ன செய்வது? அகன்ற பாறை ஒன்றில் எல்லாரும் ஒன்றுகூடி, மேற்கொண்டு நடப்பதை விட்டு, இசைக்கருவிகளை ஒலிக்கச் சொல்கிறான் கூத்தன். காடு காத்து உறையும் கானவர் அவ்வொலி கேட்டு வந்து, உண்ணப் பழம் தந்து, வழிகாட்டி அழைத்துச் செல்வார்களாம். இன்று மலையேற்றப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதுவே: வழி தவறினால் நில், கூட்டமாக இரு, வெட்டவெளிக்கு வா, விசில் ஊது. மற்றொரு குறிப்பு வழி பிரியும் இடத்தைப் பற்றியது. அதற்குப் பழந்தமிழில் 'கவலை' என்று பெயர். எத்திசை செல்வது என்று மனம் கவர்படும் இடமும், அவ்வாறு கவர்பட்ட மனநிலையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். அக்கவலைகளில், பின்னால் வரும் புதியவர் அறியுமாறு, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறது பாட்டு. தமக்குப் பின்னால் யாரோ வருவர் என்று எண்ணும் வழிநூல் இது.

மலைபடுகடாம் கூறும் நவிரமலை, இன்று கலசப்பாக்கம் அருகில் பருவதமலை என வழங்கும் மலையே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. உயரம் ஏறக்குறைய 4,560 அடி என்பர். உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில் உள்ளது. கடலாடியிலிருந்து ஒரு வழியும், தென்மாதிமங்கலத்திலிருந்து ஒரு வழியும் உண்டு. பௌர்ணமி இரவுகளில் மக்கள் திரளாக ஏறுவர். உச்சியை நெருங்கும்போது வழி செங்குத்துப் பாறையாகிறது. அங்கே பாறையில் அடித்து இறக்கிய இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பற்றி ஏற வேண்டும். அப்பகுதிக்கு மக்கள் இட்ட பெயர் 'கடப்பாறை நெட்டு'. இன்னொரு செங்குத்துப் பகுதிக்குக் 'குமரி நெட்டு' என்று பெயர். நெடுமை, நெட்டை, நெட்டுக்குத்து முதலிய சொற்களின் உறவே இந்த 'நெட்டு'. ஏறும் மூச்சின் நீளத்தை அளந்து வைத்த பெயராகவே எனக்குப் படுகிறது.

இவ்விடத்தில் கினபாலுவையும் நினைக்கலாம். அங்கே பாறையில் இரும்புப்படிகளும் கம்பிவடமும் பொருத்திய வழியை 'வியா ஃபெராட்டா' என்கின்றனர். இத்தாலிய மொழியில் அதற்கு இரும்புப் பாதை என்று பொருள். நேராக மொழிபெயர்த்தால் 'இருப்புப்பாதை' ஆகும். அச்சொல்லை இரயில் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது! ஆனால் அதே வகைப் பொருளுக்குப் பருவதமலை அடிவாரத்து மக்கள் யாருடைய மொழிபெயர்ப்பையும் எதிர்பாராமல் பெயர் வைத்திருக்கிறார்கள். கலைச்சொல்லாக்கக் குழுக்களில் அமர்வோர் அகராதியைத் திறப்பதற்குமுன் இத்தகைய இடங்களுக்கு ஒருமுறை சென்று வரலாம் என்பது என் நெடுநாளைய கருத்து.

மலைபடுகடாத்தின் வழிப்பகுதியை இலக்கணக் கண்ணால் பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, 'ஓம்பு' என்னும் வினை. விருந்தோம்பல் என்னும் சொல்லால் நாம் அறிந்த பொருள் பேணுதல், காத்தல் என்பது. ஆனால் பழந்தமிழில் அதற்குத் தவிர்த்தல், விலக்குதல் என்னும் பொருளும் உண்டு. சிறுவரைக் காத்துச் செல்லுங்கள் என்று சொல்லும் இடத்திலும் ஓம்புதல் வருகிறது. வழி தவறினால் நடப்பதைத் தவிருங்கள் என்று சொல்லும் இடத்திலும் ஓம்புதல் வருகிறது. காப்பதும் தவிர்ப்பதும் ஒரே வினையாக இருப்பது முதலில் முரண்போல் தோன்றும். மலைவழியில் வைத்துப் பார்த்தால் முரண் தீர்ந்துவிடும். அங்கே ஒருவர் தம்மையும் உடன் வருவோரையும் காக்கும் வழி, பெரும்பாலும் ஏதோ ஒன்றைச் செய்யாமல் விடுவதுதான்: இருட்டில் நடவாமை, ஓரத்தில் நில்லாமை, மழையில் பாறையில் ஏறாமை. இப்பொருள் விளக்கம் வரலாற்று முறையில் நிறுவப்பட்டது என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் இவ்வாறு விளக்கினால் மாணவர் மனத்தில் தங்கும் என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாவது, சொற்றொடரின் அமைப்பு. கூத்தன் கூறும் எச்சரிக்கைகளில் இடரும் அதன் காரணமும் முதலில் வருகின்றன. 'மின்' ஈறு பெற்ற ஏவல்வினை கடைசியில் வருகிறது. வினை இறுதியில் நிற்பது தமிழின் இயல்பு என்பதை நாம் அறிவோம். இங்கே அவ்வியல்பு நல்ல துணையாகிறது. பாசி, வழுக்கல், கால் தளர்வு என்று இடத்தை முழுமையாகக் கண்முன் கொண்டுவந்தபின் 'பற்றிச் செல்லுங்கள்' என்னும் ஏவல் வருவதால், ஏன் பற்ற வேண்டும் என்று கேட்பவர் வினவ இடமில்லை. புறப்படுவதற்குமுன் அமர்ந்து கேட்கும் அறிவுரைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை.

ஆனால் பாறை உருண்டு வரும் நொடிக்கு அது பொருந்தாது. அப்போது வினைக்காகக் காத்திருக்க நேரமில்லை. அந்நேரத்துக்கும் தமிழில் இலக்கணம் உண்டு. அடுக்குத்தொடர் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். 'பாம்பு பாம்பு' என்று எடுத்துக்காட்டும் தருகிறோம். விரைவுப் பொருளில் ஒரு சொல் மூன்று முறை வரை அடுக்கி வரும் என்று தொல்காப்பியம் எல்லையும் வகுக்கிறது. எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு யாவும் உதிர்ந்து பெயர் மட்டும் நிற்கும் இந்தத் தொடரே ஆபத்தில் உதவும் தொடர். 'கல்! கல்!' என்று கத்துபவர் குறைவாக்கியம் பேசவில்லை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கண மரபு ஏற்றுக்கொண்ட ஒரு தொடரைப் பேசுகிறார். பேச்சுவழக்கில் இதற்குத் துணையாக இன்னொன்றும் உண்டு. படியிறங்கும் பாட்டியைப் பார்த்துப் பேரன் 'பார்த்து!' என்கிறான். அது வினையெச்சம், முற்று அங்கே இல்லை. 'பார்த்துப் போங்கள்' என்று முடிக்காமலே எச்சரிக்கை முழுமை பெற்றுவிடுகிறது.

பாறை உருண்டு வருவதைப் பற்றிப் பேசும்போது சிங்கப்பூர் ஆசிரியர்களும் மாணவர்களும் 2015ஆம் ஆண்டை நினையாமல் இருக்க இயலாது. அவ்வாண்டு ஜூன் 5ஆம் தேதி காலையில் கினபாலுவை ரிக்டர் அளவில் 6.0 நிலநடுக்கம் தாக்கியது. மலையில் பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர் ஏழு பேர், அவர்தம் ஆசிரியர் இருவர், உடன் சென்ற சிங்கப்பூர்ப் பயிற்றுநர் ஒருவர். உள்ளூர் வழிகாட்டிகளும் மாண்டனர். ஜூன் 8ஆம் தேதி இங்கே தேசிய நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அன்று சரிந்த பாறைகளை எந்த எச்சரிக்கைச் சொல்லும் நிறுத்தியிருக்காது. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரை அன்று கீழே கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானோர் அம்மலையடிவாரத்து டூசுன் மக்களாகிய வழிகாட்டிகள். மலையின் ஒவ்வொரு வளைவையும் தம் தாய்மொழியில் பெயர்சொல்லி அறிந்தவர்கள் அவர்கள். மலைபடுகடாம் கூறும் கானவர் அவர்களுக்கு அயலார் அல்லர்.

உயரத்தையும் ஓரத்தையும் பற்றிப் பேசும் தமிழ் பழம்பாட்டிலும் தொலைவான மலையிலும் மட்டுமே உள்ளது என்று கருத வேண்டா. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குச் சென்று, ரேஸ்கோர்ஸ் சாலைத் திடல்களில் அமர்ந்து பேசும் ஊழியர்களின் தமிழைக் கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் கட்டடங்களை எழுப்புவோர் அவர்கள். 3 மீட்டருக்குமேல் விழ வாய்ப்புள்ள இடத்தில் செய்யும் பணியை ஆபத்தான உயரப் பணி என நம் 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்கின்றன. அவர்களுள் பலருக்கு அது அன்றாடப் பணி. கட்டுமானத் தளங்களின் வேலியில் நான்கு மொழிகளில் ஒன்றாக 'அபாயம்' என்று தமிழ் எழுதியிருப்பது அலங்காரத்துக்காக அன்று, படித்து நிற்பதற்காக. உள்ளேயோ 'சாரம்' என்னும் பழஞ்சொல் உயிரோடு உள்ளது. ஏறுவதற்குமுன் கொக்கியை மாட்டு, பெல்ட்டைப் பார், பலகை ஆடுகிறது, ஓரத்தில் நிற்காதே, கீழே ஆள் இருக்கிறது என்று நாள் முழுவதும் தமிழ் பேசப்படுகிறது. இடையில் பெல்ட் போன்ற அயற்சொற்கள் வருவது உண்மை. அதனால் அதன் தமிழ்மை குறைந்துவிடவில்லை. தொடரின் எலும்பும் நரம்பும் தமிழே.

கினபாலு செல்லவிருக்கும் மாணவர், சரிவில் கயிற்றைப் பற்றி நடப்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது அகராதியை அன்று, இந்த ஊழியர்களின் பேச்சை. வகுப்பறைத் தமிழுக்கும் அவர்கள் தமிழுக்கும் இடையே நம்மவர் எழுப்பி வைத்துள்ள சுவர் தேவையற்றது. செந்தமிழை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. 'கொக்கி மாட்டாமல் ஓரத்துக்குச் செல்லற்க' என்று செந்தமிழிலும் எழுதலாம். கொக்கியும் ஓரமும் அங்கிருந்தே வரவேண்டும்.

இனித் தங்குமிடம். லாபான் ராத்தா போன்ற இடத்தைத் தமிழில் எவ்வாறு அழைப்பது? குடிசை என்றால் வறுமை முன்வந்து நிற்கிறது. குடில் என்பது இப்போது முனிவருக்கும் சுற்றுலா விடுதிக்கும் உரியதாகிவிட்டது. வழிச்செல்வோர் தங்கும் பொது இடத்துக்குச் சத்திரம், மடம், அம்பலம், சாவடி எனப் பல சொற்கள் இருந்தன. இவற்றுள் சாவடி எனக்குப் பிடித்த சொல். மலைச்சாவடி என்று சொல்லிப் பார்த்தால் நாவுக்கும் எளிது. ஆனால் சாவடி என்றதும் நம் மாணவர் மனத்தில் எழுவது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் நீண்ட வரிசை! கினபாலு வழியில் சிறு ஓய்விடங்களுக்குப் 'பொண்டோக்' என்று மலாயில் பெயர். அச்சொல் அரபு மொழியின் 'ஃபுந்துக்' என்பதிலிருந்து வந்தது. அரபுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. மத்தியதரைக் கடலோரத்துப் பயணியர் விடுதி, பெயரளவில் போர்னியோவின் மலைமுதுகுவரை ஏறிவந்துள்ளது. அவ்வோய்விடங்களுள் ஒன்றின் பெயர் பொண்டோக் பாக்கா. அதன் அருகே பாக்கா என்னும் பாறைக்குகை உண்டு. தங்குமனைகள் எழும்புமுன் மலையேறியோர் இரவைக் கழித்த இடம் அதுவே. கூத்தன் சொன்ன 'அளை'யும் இத்தகையதுதான்.

ஏறுவதைப் பற்றி இவ்வளவும் சொன்னபின் இறக்கத்தைச் சொல்லாமல் விடுதல் தகாது. கினபாலுவில் உச்சியிலிருந்து வாயில்வரை ஏறக்குறைய 2,230 மீட்டர் உயரத்தை ஒரே நாளில் இறங்குவோர் பலர். தூக்கமின்மையும் களைப்பும் சேர்ந்திருக்கும் நேரம் அது, முழங்கால் நடுங்கும், மழையும் அந்நேரத்தில் வரும். பழந்தமிழில் இறங்குதலுக்கு 'இழிதல்' என்று வினை இருந்தது. மலையிலிருந்து அருவி இழியும், தேரிலிருந்து தலைவன் இழிவான். நாளடைவில் தாழ்வுப்பொருள் மேலோங்கி, இழிவு என்றால் அவமதிப்பு என்று மட்டுமே ஆகிவிட்டது. மலையிலிருந்து இழிந்தேன் என்று இன்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். இறங்கு என்பதே எஞ்சியுள்ளது.

விழுதலைப் பற்றியோ தமிழ் வியக்கத்தக்க நுட்பத்துடன் பேசுகிறது. ஆங்கிலம் அறிந்த மாணவர் பெரும்பாலும் 'விழுந்தேன்' என்றே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். ஈரத்தாலோ பாசியாலோ கால் நிற்காமல் போனால் வழுக்கியது. சரிவில் உடலே கீழ்நோக்கி இழைந்து சென்றால் சறுக்கியது. நடக்கும்போது கால்விரல் கல்லில் மோதினால் இடறியது. வேரோ கயிறோ குறுக்கே நின்று காலைப் பிடித்தால் தடுக்கியது. எதுவும் மோதாமலே உடல் நிலை குலைந்தால் தடுமாறினார். காலின்கீழ் மண்ணே பெயர்ந்தால் சரிந்தது. அங்கே குற்றம் நடந்தவருடையதன்று, நிலத்தினுடையது. கால் தவறான கோணத்தில் மடங்கினால் பிசகியது. அதன் விளைவு சுளுக்கு.

இவ்வினைகள் ஒவ்வொன்றும் விழுந்ததற்குரிய காரணத்தைத் தன்னுள் கொண்டிருப்பதைக் கவனியுங்கள். 'வழுக்கி விழுந்தார்' என்று கேட்டவுடன் பின்னால் வருபவர் பாறை ஈரமாக உள்ளது என்று அறிவார். 'தடுக்கி விழுந்தார்' என்றால் தரையில் வேர் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். பள்ளி அளவில் இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. மாணவரைப் புக்கிட் தீமாவுக்கு அழைத்துச் சென்று, உச்சியிலிருந்து பார்வையாளர் நிலையம்வரை இறங்கும் வழியை, பின்னால் வரும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ வழிகாட்டும் முறையில் இருபது தொடர்களில் எழுதச் சொல்லலாம். உவமையும் வருணனையும் கூடாது. மழை பெய்து ஓய்ந்த காலைப்பொழுதாக இருந்தால் மேலும் நன்று. எந்தப் படியில் வழுக்கும், எந்த வேரில் தடுக்கும் என்பதை அவர்களே நடந்து கண்டறிவர்.